ரெண்டு இன்சர்ட்டும் ஒரு நிமிஷப் பேச்சும்

போன வாரம் ராத்திரி 11.40 இருக்கும், படுத்துட்டேன், போன்ல ஒரு மெசேஜ். 'தம்பி ஏபிஎம்டி 1604 ரெண்டு இருக்கா.' அவ்ளோதான். வணக்கம் இல்ல, தூங்கிட்டியான்னு இல்ல, கைகூப்புற பொம்மைகூட இல்ல. எங்க ஒர்க்ஷாப் செட்டுக்கு பக்கத்து செட் அண்ணன்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், ஏபிஎம்டி 1604ங்கறது ஒரு இன்சர்ட், அதாவது உலோகத்தச் சீவுற மில்லிங் கட்டர்ல மாட்டுற கார்பைடு துண்டு, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு மூலை தேஞ்சா திருப்பி மாட்டலாம், ரெண்டாவது மூலையும் தேஞ்சா ஸ்கிராப். நைட் ஷிஃப்ட்ல ஸ்டாக் தீந்துபோச்சுன்னா டூல்ஸ் கடை காலைல தொறக்கற வரைக்கும் மிஷின் நின்னது நின்னதுதான், மறுநாள் கஸ்டமர்கிட்ட பேச்சு வாங்கறதும் நம்மதான். என் செட்டு சாவி எங்க தொங்குதுன்னு அவருக்குத் தெரியும். 'ரெண்டாவது டிராயர், நீல டப்பா'ன்னு அடிச்சுட்டு தூங்கிட்டேன்.

இந்த அண்ணனை ஆறு வருஷமா தெரியும். அவரு விசிட்டிங் கார்டு என்கிட்ட இல்ல, என்னோடது அவருகிட்ட இல்ல. ஆனா இன்னைக்கு என் செட்ல ஓடற வேலையில பாதி அவரு வாய்வழியா வந்ததுதான்.

எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரி கவர்மெண்ட் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு கம்பெனியில 9 வருஷம் இருந்தேன். ஏ ஷிஃப்ட்னா விடியகாலம் 4.30க்கு ரோட்டுல நிக்கணும், கம்பெனி பஸ்ல ஏறி தூங்கினா சூளகிரி தாண்டித்தான் கண்ணு முழிக்கும். அப்புறம் கடன உடன வாங்கி ஒரு பழைய விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மிஷின்), ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு, வாடகை செட்டு, ரெண்டு பசங்க வேலைக்கு. ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிங்களுக்கு சப்ளை பண்றவங்களுக்கு சப்ளை பண்றவங்க இருக்காங்க இல்ல, அவங்களுக்கு சப்ளை பண்ற ஆளு நான். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பெரிய பேரு பத்தி எல்லாரும் பேசுவாங்க, அந்தப் பேருங்களுக்குப் பின்னாடி இப்படி செட்டு செட்டா ஒரு ஊரே ஓடிக்கிட்டு இருக்குது.

எனக்கு பேச வராது. மிஷின் பத்திக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவேன், என்னைப் பத்தி பேசுன்னா நாக்கு ஒட்டிக்கும். என் மச்சான் அப்படியே எதிர், கல்யாண வீட்ல பந்தி பரிமாறிக்கிட்டே ரெண்டு பிளாட் வித்துட்டு வருவான். அவன்தான் சொன்னான், மாமா இப்படி செட்டுக்குள்ளயே ஒக்காந்திருந்தா எவன் வந்து ஆர்டர் குடுப்பான், ஒரு மீட்டிங் இருக்கு வாங்கன்னு. சங்கத்துப் பேரு வேணாம். ஒரு ஓட்டல் ஹால், காலைல 7 மணி, சட்டையில பேரு எழுதின ஸ்டிக்கர். ஒவ்வொருத்தரும் எழுந்து 60 செகண்ட்ல தொழிலப் பத்தி சொல்லணும், முன்னாடி ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. எனக்கு முன்னாடி பேசினவரு வாட்டர் பியூரிஃபையர்க்காரரு, எதுகை மோனையோட பேசி கைதட்டு வாங்கிட்டாரு. நான் எழுந்து 'ரெண்டு விஎம்சி வச்சிருக்கேன், அலுமினியம், மைல்ட் ஸ்டீல், ரெண்டும் பண்றேன்'னு சொல்லிட்டு ஒக்காந்துட்டேன். இன்னும் 45 செகண்ட் பாக்கி இருந்துச்சு. அந்த 45 செகண்டும் ஹால் முழுக்க என்னையே பாத்துச்சு பாருங்க, ரிஜெக்ஷன் மீட்டிங்ல கூட நான் அப்படி வேர்த்ததில்ல.

ஒரு கட்டு கார்டோட வந்தேன். ரப்பர் பேண்ட் போட்டு மேசை டிராயர்ல வச்சேன், ரப்பர் பேண்ட் இத்துப்போற வரைக்கும் அங்கதான் கிடந்துச்சு.

ஏன் அது எனக்கு ஒட்டலன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கூச்சம்னு சொல்லிட்டு விட்டுடலாம், ஆனா கூச்சம் மட்டும் இல்ல. அங்க ஒரு சிலிப் குடுப்பாங்க, யாரு யாருக்கு எத்தனை வேலை கைமாத்தி விட்டாங்கன்னு எழுதணும், மாசக் கடைசில கணக்கு வாசிப்பாங்க. அதப் பாத்ததும் மொய் நோட்டு ஞாபகம் வந்துச்சு. மொய்ய நான் குறை சொல்ல மாட்டேன், எங்க வீட்லயே எங்க அக்கா கல்யாணத்து மொய் நோட்டு டிரங்குப் பெட்டியில இன்னும் இருக்குது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அம்மா முதல்ல அதப் புரட்டிப் பாத்துட்டுதான் பணத்த எடுப்பாங்க. ஆனா மொய்யில ஒரு நேர்மை இருக்குது, அது கடன்னு வச்சவனுக்கும் தெரியும் வாங்கினவனுக்கும் தெரியும், மைக்ல வேற சொல்லிடறாங்க. இங்க அதே கணக்க வச்சுக்கிட்டு, தோள்ல கை போட்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'ங்கறாங்க. கணக்குன்னா கணக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாமே. எனக்கு குமட்டினது அந்த இடத்துலதான்.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். அந்தக் கட்டுல இருந்த ஒரு கார்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டோடது. நான் பாலிசி எடுத்தது வேற ஆளுகிட்ட. ஒரு மே மாசக் காத்து மழையில என் செட்டு மேல இருந்த ஷீட் நாலு பறந்துபோய், தண்ணி நேரா கண்ட்ரோல் பேனல் மேல இறங்கிடுச்சு. பாலிசி குடுத்த ஆளு போனே எடுக்கல. யாரோ சொல்லி இந்த மீட்டிங் ஆளுக்குத் தெரிஞ்சு, பைக்ல வந்து எறங்கினாரு, ஈரத்தோட எதையும் தொடாத முதல்ல போட்டோ எடு, கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போடுன்னு சொல்லி, சர்வேயர் வர்ற வரைக்கும் கூடவே நின்னாரு. அவருக்கு அதுல ஒத்த ரூபா கிடையாது. இப்ப அவரு எனக்கு நல்ல பழக்கம். அதனால அந்த மீட்டிங் வீண்னு என்னால சொல்ல முடியல. அந்தாளு யாருன்னு எனக்கு அந்த ஹால்ல தெரியல, ஷீட் பறந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

எங்க அப்பா மாட்டுத் தரகரு. போச்சம்பள்ளி சந்தை, ஞாயித்துக்கிழமை. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு அந்த சந்தையப் பத்தி சொல்லவே வேணாம், உப்புல இருந்து உழவு மாடு வரைக்கும் அங்கதான். 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவுற வரைக்கும் நாங்கெல்லாம் தர்மபுரி மாவட்டம், அப்பா கடைசி வரைக்கும் தர்மபுரின்னேதான் சொல்லுவாரு. தரகருன்னா நீங்க நினைக்கிற மாதிரி வாய் ஜாலம் பண்ற ஆளு இல்ல. வீட்ல ஒரு நாளைக்கு பத்து வார்த்தை பேசினா அதிகம். சந்தையிலயும் பேச்சு கம்மிதான், துண்ட கை மேல போட்டு உள்ள விரலப் பிடிச்சு விலை பேசுவாங்க பாருங்க, பிடிச்ச விரலுக்கு நூறா ஆயிரமான்னு அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும், சுத்தி நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். பேச வராதவனுக்குன்னே கண்டுபிடிச்ச தொழில் மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு தடவ கூடப் போயிருந்தேன், ஏழாவது படிக்கிறேன்னு நினைக்கிறேன். பர்கூர் பக்கத்துல இருந்து ஒருத்தரு கறவை மாடு பாக்க வந்தாரு. பல்லப் பிடிச்சுப் பாத்தாச்சு, ஆறு பல்லு, மடியப் பாத்தாச்சு, விலையும் படிஞ்சாச்சு. அப்பா துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டே கேட்டாரு, 'வூட்ல யாருங்க கறக்கறது?' 'எங்க அம்மாதான்.' 'அப்டின்னா வேணாங்க. இது உதைக்கும்.' அவ்ளோதான் பேச்சு. மாட்டுக்காரரு அப்பாவ அசிங்க அசிங்கமா திட்டினாரு, ரெண்டு வருஷம் எங்க வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அன்னைக்குத் தரகு போச்சு. வர்ற வழியில எனக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன பொரிகடலையும் போச்சு. அந்த பர்கூர்க்காரரு அடுத்த தடவை தம்பியக் கூட்டிட்டு வந்தாரு, அப்புறம் சம்பந்தியக் கூட்டிட்டு வந்தாரு, அப்பா செத்தப்போ துக்கத்துக்கு வந்து திண்ணையில ஒக்காந்து அழுதவங்கள்ல அவரும் ஒருத்தரு.

இதுல உண்மையச் சொன்னாரு பாருங்கறத விட எனக்கு முக்கியமாப் பட்டது வேற. அப்பா எல்லா ஞாயித்துக்கிழமையும் அதே புளியமரத்தடியிலதான் நிப்பாரு. மழை வந்தாலும் அங்கதான். வியாபாரம் இல்லாத ஆடி மாசத்துலயும் அங்கதான். தேடி வர்றவனுக்கு இந்தாள எங்க புடிக்கறதுன்னு தெரியும், தேடி வராதவனும் போற வர்ற வழியில பத்து வருஷம் பாத்துக்கிட்டே இருப்பான். ஒருத்தன நம்பறதுக்கு பாதி வேலைய அந்தப் பாத்துக்கிட்டே இருக்கறதே செஞ்சுடுது.

எனக்கு புளியமரம் எதுன்னா, கஸ்டமர் கம்பெனியோட இன்வர்ட் இன்ஸ்பெக்ஷன், உள்ள வர்ற சரக்க அளந்து பாக்கற இடம். எல்லாரும் பீஸ ஆட்டோவுல ஏத்தி, டிசிய, அதாவது டெலிவரி சலான, டிரைவர் கையில குடுத்து அனுப்பிடுவாங்க. நான் முடிஞ்ச வரைக்கும் நானே எடுத்துட்டுப் போவேன். அங்க அரை மணி, முக்கா மணி காக்க வைப்பாங்க. அந்த நேரத்துல இன்ஸ்பெக்டர் பக்கத்துல நின்னு அவரு எப்படி அளக்கறாரு, துளைய அளக்கற போர் கேஜ எந்த இடத்துல வைக்கிறாரு, எந்த அளவப் பாத்து மூஞ்சி சுளிக்கிறாருன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அப்படி நிக்கறப்போ பேச்சு தானா வருது, ஏன்னா பேசறதுக்கு நடுவுல ஒரு பீஸ் இருக்குது. என்னை மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல ஏதாவது ஒண்ணு வேணும். வெறுங்கையோட ஒரு ஆளு முன்னாடி நின்னு நட்பு பண்ணுன்னா முடியாது.

ஒரு வேலை, 120 பீஸ், 25 ஹெச்7 துளை. அதாவது துளை 25.000ல இருந்து 25.021 மி.மீ.க்குள்ள இருக்கணும், 21 மைக்ரான்தான் இடம், தலைமுடி தடிமன்கூட வராது. போரிங் டிப் மாத்தினதும் முதல் பீஸ அளக்காம பையன் ஓட்டிட்டான், பையன் என்ன பையன், அவன ஒண்டியா விட்டுட்டு டீ குடிக்கப் போனது நான்தான். 14 பீஸ் 25.03ன்னு வந்து நிக்குது. கஸ்டமர் குடுத்த மெட்டீரியல் வேற. கலந்து அனுப்பினா சேம்பிள்ல தப்பிச்சாலும் தப்பிச்சிருக்கும், அந்த யோசனையே வரலைன்னு சொன்னா பொய். சாயங்காலம் போன் பண்ணி, 'சார் 14 போச்சு, தனியாக் கட்டி சிவப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன்'னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் 'சரி 106 எடுத்துட்டு வா'ன்னாரு. கெட்டுப்போன பீஸுக்குப் பணம் பிடிச்சு டெபிட் நோட் வந்துச்சு, அந்த மாசம் வாடகைய மச்சான்கிட்ட வாங்கித்தான் கட்டினேன். அந்த இன்ஸ்பெக்டர் ஒரு ஏழெட்டு மாசம் கழிச்சு ஓசூர் தாண்டி கர்நாடகாவுல பொம்மசந்திரா பக்கம் வேற கம்பெனிக்கு மாறிட்டாரு. மாறின மூணாவது வாரம் அவருகிட்ட இருந்து புது வேலைக்கு ஒரு டிராயிங் வந்துச்சு. அங்க இருக்கற பர்ச்சேஸ் ஆளு கன்னடக்காரரு, நான் 'ஸ்வல்ப லேட் ஆகுத்தே சார்' வரைக்கும் கத்துக்கிட்டேன், தெலுங்கு ஏற்கெனவே தெரியும், ஓசூர்ல பொழப்ப ஓட்ட அது போதும்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அந்த இன்ஸ்பெக்டர் எனக்கு நெருக்கம் இல்ல. வீடு எங்கன்னுகூடத் தெரியாது. மாசத்துக்கு ரெண்டு தடவ பாத்துக்குற பழக்கம்தான். இதப்பத்தி மார்க் கிரனோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆளு 1973லயே எழுதிட்டாரு. பாஸ்டன் பக்கம், தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்ககிட்ட, அந்தத் தெரிஞ்சவர எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டிருக்காரு. அடிக்கடி பாக்கற ஆளு மூலமா வந்தது 100க்கு சுமார் 17 பேருக்குத்தான். எப்பவாவது பாக்கறவங்க மூலமா 56 பேருக்கு, அபூர்வமாப் பாக்கறவங்க மூலமா 28 பேருக்கு. காரணம் ரொம்ப சாதாரணம், நம்ம கூடவே சுத்தறவனுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். எங்க செட் வரிசையில ஒரு ஆர்டர் வருதுன்னா டீக்கடையில ஒரே நேரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுடும், அதனால அதுல புதுசா எனக்கு ஒண்ணும் இல்ல. வெளிய இருக்கறவன்தான் வெளிச் செய்தி கொண்டு வருவான்.

2022ல சயின்ஸ் பத்திரிகையில இத திரும்பவும் சோதிச்சு எழுதியிருந்தாங்க, லிங்க்டின்ல 2 கோடி பேர அஞ்சு வருஷம் கவனிச்சு. ரொம்ப நெருக்கமும் இல்லாம அடியோட அந்நியமும் இல்லாம நடுவுல இருக்கற பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியிருக்குது. ஆனா அதுல ஒரு கொக்கி, கம்ப்யூட்டர் சார்ந்த தொழில்ல மெல்லிசான பழக்கம் உதவுதுன்னா, அது கம்மியா இருக்கற தொழில்ல நெருங்கின பழக்கம்தான் உதவுதாம். என் மிஷின் கம்ப்யூட்டர்லதான் ஓடுது, நான் எண்ணெயிலதான் நிக்கிறேன், நான் எந்தக் கணக்குல சேர்த்தின்னு தெரியல. எனக்கு ரெண்டுமே வந்திருக்குது, பக்கத்து செட் அண்ணன் ஒரு பக்கம், பொம்மசந்திரா இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம்.

அதனால, 'நாலு நல்ல பழக்கம் இருந்தாப் போதும், கூட்டமெல்லாம் நமக்கெதுக்கு'ன்னு நான் முன்னாடி பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சது பாதி சோம்பேறித்தனம். அதுக்கு எனக்குக் கிடைச்ச அடி ஒண்ணு இருக்குது, இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவன். ஒரே பெஞ்சு, என் டிராஃப்டர வாங்கித்தான் அவன் டிராயிங் எக்ஸாம் எழுதினான். பாஸாகி 11 வருஷம் ஒரு போன் கிடையாது, அவன் கல்யாணத்துக்குப் போகல, அவங்க அப்பா தவறினப்போ குரூப்ல ஒரு பூ படம் போட்டதோட சரி. அவன் ஒரு கம்பெனியில பர்ச்சேஸ் மேனேஜர் ஆயிட்டான்னு கேள்விப்பட்ட அந்த வாரமே, வேலை இல்லாம ஒரு மிஷின் நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸோட போய் ரிசப்ஷன்ல ஒக்காந்தேன். வந்தான். சிரிச்சான். டீ சொன்னான். பழைய வாத்தியாருங்களப் பத்தி ரெண்டு நிமிஷம். அப்புறம் ஸ்வீட் பாக்ஸப் பாத்துட்டு, 'சரி சொல்லுடா, இன்னா வேணும்?'னான். கோவமாகூட இல்ல. தெனம் பத்து பேருகிட்ட கேக்கற மாதிரி கேட்டான். நான் கம்பெனி புரொஃபைல வச்சுட்டு வந்துட்டேன். பஸ்ல கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் காது சுட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த மீட்டிங் ஆளுங்கள எதுக்கு கேவலமா நினைச்சேனோ அதையேதான் நான் பண்ணியிருக்கேன், அதுவும் ஸ்டாப்வாட்ச் இல்லாம. அவங்களாவது வாரா வாரம் வந்து ஒக்கார்றாங்க.

அதுக்கப்புறம் சில பழக்கத்த மாத்திக்கிட்டேன், முறைன்னு பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல. குட்மார்னிங் படம் அனுப்ப மாட்டேன், ஆனா ஒருத்தருக்கு ஆவுற மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா உடனே அனுப்பிடுவேன். ஒரு செட்ல பழைய சர்ஃபேஸ் கிரைண்டர் விக்கிறாங்கன்னா, போன வருஷம் தேடிட்டு இருந்தவருக்கு போட்டோ போயிடும். நான் பண்ண முடியாத வேலை வந்தா, கியர் கட்டிங் மாதிரி, இழுத்து வச்சுக்காம பண்றவரு நம்பரக் குடுத்துடுவேன், கமிஷன் கேக்க மாட்டேன். அது பெருந்தன்மை இல்ல, கமிஷன் வாங்கினா அந்த வேலை கெட்டுப்போச்சுன்னா பஞ்சாயத்துக்கும் நான்தான் போவணும்.

மாம்பழம் ஒரு தனிக் கதை. கிருஷ்ணகிரிக்காரன்னாலே ஜூன் மாசம் வந்தா ஒரு பாக்ஸ் எதிர்பார்ப்பாங்க, இந்த பெங்களூரா எல்லாம் கூழ் ஃபேக்டரிக்குப் போவறது, கேக்கறது செந்தூரா, அல்போன்சா, யோகம் இருந்தா மல்கோவா. முதல் ரெண்டு வருஷம் பர்ச்சேஸ் ஆளுங்களுக்குக் குடுத்தேன். ஒருத்தரு ரொம்ப மரியாதையா, 'தம்பி, எங்க கம்பெனியில கூடாது, எடுத்துட்டுப் போயிடு'ன்னுட்டாரு. பழத்த பழமாத்தான் குடுக்கிறேன்னு நானே என்கிட்ட சொல்லிட்டு இருந்தேன், அவரு சொன்னப்புறம்தான் யோசிச்சேன், ஆர்டர் குடுக்காத ஆளுக்கு ஏன் நான் குடுக்கலைன்னு. இப்ப தலைகீழ். ஆர்டர் குடுக்கற கையில இருக்கறவங்களுக்குக் கிடையாது. செக்யூரிட்டி அண்ணனுக்கு, ஸ்டோர்ஸ்ல டிசி சீல் போடற அக்காவுக்கு, ரிட்டையர் ஆன என் பழைய ஃபோர்மேனுக்கு. அந்த ஃபோர்மேன், பீஸ மிஷின்ல பிடிச்சு நிறுத்தற ஃபிக்ஸ்சர் பத்தி போன்லயே சொல்லிக் குடுக்கறதெல்லாம் எந்தக் காலேஜ்லயும் கிடைக்காது, ஆனா அதுக்காகக் குடுக்கல, அவருக்கு செந்தூரான்னா உசுரு.

பழக்கம் நல்லா இருந்தா எல்லாம் நல்லா நடக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என்கூட ரொம்ப நல்லாப் பழகின ஒருத்தரு 1.8 லட்சத்த ஏழு மாசம் இழுத்தாரு. பழக்கம் இல்லாத ஆளா இருந்தா ரெண்டாவது மாசமே சத்தம் போட்டிருப்பேன், சிறுதொழிலுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல பணம் குடுக்க 45 நாள் கெடு இருக்குது, அதுக்கான உத்யம் பதிவு வச்சிருக்கேன். இப்ப இன்கம்டாக்ஸ்லயும், சின்ன யூனிட்டுக்கு கெடு தாண்டி, வருஷம் முடியறதுக்குள்ளயும் குடுக்காத பணத்த அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாதுன்னு கொண்டு வந்துட்டாங்க, மார்ச் மாசம் வந்தா சில பேரு தானா கூப்பிட்டு பில் நம்பர் கேக்கறாங்க, அது தனி சந்தோஷம். ஆனா இவருகிட்ட கேக்க வாய் வரல, அவரு வீட்டு கிரகப்பிரவேசத்துல சாப்பிட்டிருக்கேனே. கடைசியில என் ஒய்ஃப்தான் போன் பண்ணி கேட்டா. பணம் நாலே நாள்ல வந்துச்சு, அவரு அதுக்கப்புறம் முன்ன மாதிரி பேசறதில்ல. போவட்டும்.

கூடப் படிச்சவன் விஷயத்துக்கு வர்றேன். ஆர்டர் எதுவும் வரல, நானும் கேக்கல. போன வருஷம் அவன் பொண்ணுக்குக் காது குத்தறாங்கன்னு பத்திரிகை வந்துச்சு, எல்லாருக்கும் அனுப்பினதுல எனக்கும் வந்திருக்கும். போனேன். ஸ்வீட் பாக்ஸ் இல்லாம. மொய் எழுதற இடத்துல பேரச் சொன்னேன், சாப்பிட்டேன், பந்தியில ஆளு கம்மியா இருந்துச்சு, ஒரு வரிசைக்கு சாம்பார் வாளி தூக்கினேன். அவன் பாத்தான், ஒண்ணும் சொல்லல.

இன்சர்ட் எடுத்துட்டுப் போன அண்ணன் இன்னும் திருப்பித் தரல. நானும் கேக்கல, ஏன்னா தீபாவளிக்கு முன்னாடி வாங்கின அவரோட ஏர் ஹோஸ் என் செட்லதான் கிடக்குது, நடுவுல ஒரு இடத்துல ஓட்டை வேற போட்டுட்டோம். மச்சான் நேத்து போன் பண்ணினான், இந்த வருஷத்துக்கு எனக்கும் சேர்த்து அந்த மீட்டிங்குக்கு பணம் கட்டிட்டானாம். புதன்கிழமை காலைல 7 மணி. போறேன். இந்தத் தடவை 25 ஹெச்7 துளை போட்ட பீஸ் ஒண்ண பாக்கெட்ல போட்டுக்கிட்டு போலாம்னு இருக்கேன், 60 செகண்டுக்கு கையில பிடிச்சுக்கவாவது ஆவும். அந்த 14ல ஒண்ணு, சிவப்பு பெயிண்ட் இன்னும் அப்படியே இருக்குது.